எல்லையோரத் தமிழ்வழி மாணவர்களுக்குச் சட்டக் கல்லூரிக் கதவு எங்கே அடைபடுகிறது?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் எழுதியது:

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் தமிழ்வழிப் பிரிவில், கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் தமிழ்ப் பாடநூல்களைக் கொண்டே பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் படிக்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி இப்போது பிளஸ் டூவில் ஹ்யுமானிட்டீஸ் (கலைப் பிரிவு) ஆங்கிலவழியில் படிக்கிறாள். வக்கீலாக வேண்டும் என்பது அவளுடைய விருப்பம்.

சென்ற வாரம் அவளுடைய அரசியல் அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நீதித்துறை பற்றிய பாடத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் அதன் உச்சரிப்பைப் பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதி, ஓரத்தில் பொருளைக் குறித்து வைத்திருக்கிறாள். முதல் சில பக்கங்களில் குறிப்புகள் நெருக்கமாக இருக்கின்றன. போகப் போகக் குறைகின்றன. சொற்கள் பழகிவிட்டதால் குறிப்பு தேவைப்படவில்லை என்றுதான் முதலில் எண்ணினேன். விசாரித்தபோதுதான், பின்பகுதிப் பாடங்களை அவள் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்திருப்பது தெரிந்தது.

அவளுடைய தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சட்டப் படிப்பில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறதாமே, தமிழில் படித்த என் மகளுக்கு அது கிடைக்குமா என்பதே அந்தக் கேள்வி. எனக்குத் தெரிந்தவரை கிடைக்காது. ஆனாலும் அது மட்டும்தானா தடை என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

---

கோவை வாசகர் எழுதியது:

ஐயா, கிடைக்காது என்பது சரியே. 2020இல் மருத்துவப் படிப்புக்காக வந்த அந்த ஏற்பாட்டை, நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டித்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருப்பதே அதற்கான அடிப்படைத் தகுதி. இங்கே அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைகளே அந்த ஒதுக்கீட்டுக்குள் வரவில்லை. அப்படியிருக்க, கேரள அரசின் பள்ளியில் படித்தவருக்கும் கொடுங்கள் என்று கேட்பது எவ்வகையில் நியாயம்? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் குறையை ஈடுகட்டத் தமிழ்நாடு செய்துகொண்ட ஏற்பாடு அது. உங்கள் பள்ளிகளின் குறைக்கு நீங்கள் திருவனந்தபுரத்தைத்தான் கேட்க வேண்டும்.

---

எருத்தேம்பதி பெற்றோர் எழுதியது:

கேட்டால் மட்டும் கிடைத்துவிடுமா? இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் என் இரண்டு பிள்ளைகளையும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டேன். தமிழ்ப் பற்று இல்லாமல் அல்ல. அதற்கு விலை கொடுக்கிறவன் நானாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன். கொடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகள். எங்கள் ஊரில் தமிழ்வழிப் பிரிவுகள் மெலிந்து வருவதற்கு அரசைக் குறை சொல்கிறோம். எங்களைப் போன்ற பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

---

சித்தூர் வழக்குரைஞர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் கேள்விக்குள் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் தவறான அலுவலகத்தின் வாசலில் போய் நிற்போம்.

முதலாவது, மொழிச் சிறுபான்மையினர் என்ற வகையில் நமக்குள்ள உரிமை. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட, அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்து தரும்படி மாநிலங்களைப் பணிக்கிறது. அது தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அதுவும் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான், அதிலும் ‘இயன்றவரை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த அரசும் தப்பிவிடலாம். சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனம் அமைத்து நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தருகிறது. மொழிச் சிறுபான்மை யார் என்பதை மாநிலத்தை அலகாகக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், கேரளத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தப் பணம் வேண்டும். அரசுப் பள்ளியை நம்பியிருக்கும் விவசாயக் கூலியின் மகளுக்கு 30ஆம் பிரிவால் நேரடியாக ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

மாநில மொழியைக் கற்பதிலிருந்து விலக்கு கேட்பதும் எளிதல்ல. மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தியைக் கட்டாயமாக்கியதை உஷா மேத்தா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கேரளமும் 2017இல் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. என்னைக் கேட்டால் நம் பிள்ளைகள் மலையாளம் படிப்பது நல்லதே. சித்தூர் முன்சிஃப் கோர்ட்டில் மலையாளம் வாசிக்கத் தெரியாத வக்கீலால் ஒரு பத்திரத்தைக்கூடக் கையாள முடியாது.

இரண்டாவது சிக்கல் 7.5 விழுக்காடு. அந்தச் சட்டம் எங்கே படித்தாய் என்று பார்க்கிறதே தவிர, எந்த மொழியில் படித்தாய் என்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆங்கிலவழியில் படித்த மாணவருக்கும் அது கிடைக்கும். ஆகவே ‘தமிழில் படித்தாள்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. கோவை வாசகர் சொன்ன முடிவோடு எனக்கு முரண்பாடு இல்லை. அந்தப் பெண் தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல் என்பது ஓர் ஆறுதல். ஆனால் வெளிமாநிலத்தவராகப் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கேரளத்தின் சொந்த வாசல். திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு ஆகிய நான்கு ஊர்களிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் தேர்வு உண்டு. அதில் ஆங்கிலத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அந்த மாணவி தடுமாறப் போவது அங்கேதான்.

---

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி வக்கீல் சார். அப்படியானால் கேரள அரசிடம், தமிழ்நாட்டைப் போல அரசுப் பள்ளி மாணவர்க்கென்று ஒரு பங்கு ஒதுக்கும்படி கேட்கலாமா?

---

சித்தூர் வழக்குரைஞர் எழுதியது:

கேட்கலாம், பயன் இராது. கேரளத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோதான் படிக்கிறார்கள். அவர்களுக்கென ஒரு பங்கு ஒதுக்கினால், கோட்டயத்தில் நல்ல ஆங்கில ஆசிரியரும் நூலகமும் வாய்த்த உதவி பெறும் பள்ளியின் மாணவரும் உங்கள் மாணவியும் ஒரே தட்டில் நிற்பார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி என்பது வறுமைக்கு ஓரளவு சரியான அடையாளம். இங்கே அது அப்படி அடையாளம் காட்டாது. நம் பிள்ளைகளை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது, பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறைக்குள் பயிற்றுமொழி ஒட்டுமொத்தமாக மாறிவிடுவதுதான். பரிகாரமும் அந்த இடத்தில்தான் தேவை.

---

தேவிகுளம் சட்ட மாணவன் எழுதியது:

வணக்கம். நான் இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. கேரளத்து அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வக்கீல் சார் மொழியைச் சொன்னார். எங்கள் மலையில் மொழிக்கு முன்பே இன்னொரு கதவு அடைபடுகிறது. அதுதான் சாதிச் சான்றிதழ்.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். பாட்டன், பூட்டன் காலத்தில் திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து தேயிலைக்காக மலையேறியவர்கள். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி அவரோடு கூடவே வராது என்று மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் பீர் சிங் வழக்கிலும் அதையே உறுதி செய்தது. ஆகவே, பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 10.08.1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று காட்ட வேண்டும்.

எதைக் கொண்டு காட்டுவது? சொந்த நிலம் இருந்தால் பட்டா இருக்கும். லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். எனக்காக என் அப்பா எஸ்டேட் ஆபீசில் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) நகல் கேட்டு வாங்கினார். அதில் என் பூட்டனாரின் பெயர் ஒற்றைச் சொல்லாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு எண். தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. அதே பெயரில் அந்தப் பக்கத்திலேயே இன்னும் இருவர் இருக்கிறார்கள். இவர்தான் உங்கள் பூட்டனார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று வில்லேஜ் ஆபீசர் கேட்டபோது, அவரைக் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. ஒருவழியாகச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் முதல் ஆண்டுச் சேர்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. ஓராண்டு காத்திருந்து சேர்ந்தேன். என்னோடு பிளஸ் டூ முடித்த என் மாமா மகனால் காத்திருக்க இயலவில்லை. அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான்.

1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எல்லைக்கு இப்பால் நின்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் பட்டியல் சாதித் தகுதி இல்லை. இங்கே அதை மெய்ப்பிக்க ஆவணம் இல்லை. ஒதுக்கீட்டை எத்தனை விழுக்காடு உயர்த்தினாலும், அந்த ஒரு காகிதம் இல்லாதவனுக்கு அது பூஜ்யம்தான்.

---

கோவை வாசகர் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியது எனக்குப் புதிய செய்தி. 7.5 குறித்த என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் பூர்வீகம் தமிழ்நாடு என்று நிறுவ முடிந்த தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இருப்பிட விதியைத் தளர்த்தலாமா என்பதைத் தமிழ்நாடு யோசிக்கலாம். நிற்க, எல்லோரும் அரசு சட்டக் கல்லூரியையே பேசுகிறீர்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

---

சித்தூர் வழக்குரைஞர் எழுதியது:

வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. பெங்களூரில் 1980களின் இறுதியில் தொடங்கிய அந்த வகைப் பல்கலைக்கழகங்கள் நாட்டின் சட்டக் கல்வித் தரத்தை உயர்த்தின என்பதை நான் மறுக்கவில்லை. கொச்சியில் 2005இல் வந்த நுவால்ஸ் என்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் கேரள மாணவர்க்கென இடங்களும் உள்ளன. மொழி எதுவானாலும் இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதற்குத் தகுதி உடையவர்களே. ஆனால் இந்தப் பல்கலைக்கழகங்களில் சேர 2008 முதல் நடக்கும் கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வை எடுத்துப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கு 3,500 ரூபாய். 120 நிமிடங்களில் 120 கேள்விகள். கேள்விகள் நீண்ட ஆங்கிலப் பத்திகளை ஒட்டி வருபவை. பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். இது சட்ட அறிவைச் சோதிக்கிறதா, ஆங்கிலம் வாசிக்கும் வேகத்தைச் சோதிக்கிறதா என்று பயிற்சி நிலையம் நடத்துவோரைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மருத்துவத்துக்கான நீட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். சட்டம் படித்து முடித்தபின் பார் கவுன்சில் நடத்தும் அகில இந்தியத் தேர்வையும் தமிழில் எழுதலாம். உள்ளே நுழையும் கிளாட் மட்டும் ஆங்கிலத்தில். இதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தபோது, பிற இந்திய மொழிகளிலும் நடத்தலாம் என்பதை இந்திய பார் கவுன்சிலே 2023இல் ஆதரித்தது.

முயற்சி எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ‘ஐடியா’ என்ற அமைப்பு, ஏழை மாணவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கிளாட்டுக்குப் பயிற்றுவித்து, சேர்ந்த பின்னும் துணை நிற்கிறது. அவர் 2019இல் மறைந்தார். அமைப்பு தொடர்கிறது. உங்கள் மாணவியை அவர்களிடம் தொடர்புகொள்ளச் சொல்லுங்கள் ஐயா. ஆனால் தன்னார்வலர்கள் சிலரைக் கரையேற்றலாமே ஒழிய, ஒரு வட்டம் முழுவதன் பிள்ளைகளை ஏற்ற முடியாது. அது பள்ளியின் வேலை.

---

நகரி ஆசிரியை எழுதியது:

ஆந்திரப் பக்கத்து நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நாங்கள் ஆந்திரத்திலேயே இருக்கிறோம். இங்கே சட்டப் படிப்புக்கான லாசெட் நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலத்தோடு தெலுங்கிலும் கேள்வித்தாள் தருகிறார்கள். தமிழில் இல்லை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்வதால் தெலுங்குக் கேள்வித்தாளைச் சமாளித்துவிடுகிறார்கள். ஒரு மாநிலம் தன் மொழியில் சட்ட நுழைவுத் தேர்வை நடத்துவதால் தரம் ஒன்றும் குலைந்துவிடவில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டலாம் என்றே எழுதினேன்.

---

எருத்தேம்பதி பெற்றோர் எழுதியது:

எல்லாம் சரி, படித்து முடித்தபின் பிழைப்பு? வக்கீல் வீட்டுப் பிள்ளை வக்கீலாவது வேறு, கூலிக்காரர் பிள்ளை வக்கீலாவது வேறு அல்லவா?

---

சித்தூர் வழக்குரைஞர் எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. பதிவுக் கட்டணத்தில் மட்டும் ஒரு விடிவு பிறந்திருக்கிறது. மாநில பார் கவுன்சில்கள் பதினைந்தாயிரம் முதல் நாற்பதாயிரத்துக்கு மேல்வரை வாங்கிக்கொண்டிருந்தன. வழக்குரைஞர் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினர் பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2025 மே மாதம் வந்த இன்னொரு தீர்ப்பு, கீழமை நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்றது. அனுபவம் தேவைதான், மறுக்கவில்லை. அந்த மூன்றாண்டும் ஜூனியர் எதைச் சாப்பிடுவார் என்பதுதான் என் கேள்வி. ஜூனியருக்கு நகரத்தில் 20,000, ஊர்ப்புறத்தில் 15,000 கொடுங்கள் என்று இந்திய பார் கவுன்சில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் அல்ல. எங்கள் கோர்ட் வளாகத்தில் அதைப் பற்றிப் பேசினால் சீனியர்கள் டீ குடிக்க எழுந்து போய்விடுகிறார்கள்.

இருந்தும் நம் பிள்ளைகள் வர வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வட்டத்து எல்லையோர ஊரான வடகரப்பதியிலிருந்து வரும் சாட்சி தமிழில் பேசுகிறார். வாக்குமூலம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பதிவாகிறது. ஒரு பாதை வழக்கில் சாட்சி, ‘அந்த வழியா நாங்க போறது வர்றதுதான், ஆனா அவங்க சம்மதத்துல’ என்றார். பின்பாதி பதிவில் விழவில்லை. அனுமதியோடு போனதா, உரிமையாகப் போனதா என்பதில்தான் அந்த வழக்கே நின்றது. எதிர்த்தரப்புக்காக நின்ற நான் தமிழ் அறிந்தவன் என்பதால் எழுந்து திருத்தம் கேட்டேன். நீதிபதியும் பெருந்தன்மையோடு திருத்தினார். இரு தரப்பிலும் தமிழ் தெரியாத வக்கீல்கள் நின்றிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

---

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் எழுதியது:

இவ்வளவையும் படித்தபின், ஒரு மனு எழுதலாம் என்று நானும் சக ஆசிரியர்களும் முடிவு செய்திருக்கிறோம். ஒன்று, தமிழ்வழி மாணவர்க்குப் பிளஸ் ஒன் சேர்ந்ததும் முதல் ஆறு மாதம் ஆங்கில இணைப்பு வகுப்பு. அதற்கு இருமொழிக் கையேடு. இரண்டு, கேரள சட்ட நுழைவுத் தேர்வில் ஆங்கிலப் பகுதி நீங்கலாக மற்றப் பகுதிகளுக்குத் தமிழிலும் கேள்வித்தாள். மூன்று, தேவிகுளத்துத் தம்பி சொன்ன சான்றிதழ் சிக்கலுக்கு, எஸ்டேட் பதிவேடுகளை ஆவணமாக ஏற்கத் தெளிவான வழிமுறை. மூன்றையும் ஒரே மனுவில் வைக்கலாமா?

---

சித்தூர் வழக்குரைஞர் எழுதியது:

வேண்டாம் ஐயா. மூன்றும் மூன்று துறைகள். ஒரே மனுவாகப் போனால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவுவார்கள். முதலாவது பொதுக்கல்வித் துறைக்கு, இரண்டாவது நுழைவுத் தேர்வு ஆணையருக்கு, மூன்றாவது வருவாய்த் துறைக்கும் பட்டியல் சாதி மேம்பாட்டுத் துறைக்கும். மூன்றின் நகலையும் அரசியலமைப்பின் 350பி பிரிவின்படி உள்ள மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கு அனுப்புங்கள். அவருக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. ஆனால் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அளிப்பவர், மாநிலத்திடம் விளக்கம் கேட்பார்.

இரண்டாவது கோரிக்கையில் ஒன்றைச் சேருங்கள். தமிழோடு கன்னடத்தையும் கேளுங்கள். கேரளத்தின் வடகோடியில் கன்னடம் பேசும் காசர்கோட்டாரும் இதே நிலையில் இருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து கையொப்பமிட்டால் மனுவின் கனம் கூடும்.

---

தேவிகுளம் சட்ட மாணவன் எழுதியது:

மூன்றாவது மனுவுக்கு வேண்டிய செக்ரோல் நகல்களை எங்கள் பக்கத்தில் சில குடும்பங்களிடமிருந்து திரட்டித் தருகிறேன், டீச்சர்மாரும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மனுவை மலையாளத்தில்தான் எழுத வேண்டுமா சார்?

---

சித்தூர் வழக்குரைஞர் எழுதியது:

தேவையில்லை தம்பி. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும். தமிழில் எழுதி, முதல் பத்தியில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கோப்பு விரைந்து நகர வேண்டுமானால் மலையாள மொழிபெயர்ப்பை இணைப்பாக வையுங்கள். மொழிபெயர்ப்பை நான் பார்த்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரைவு என் கைக்கு வந்தால் போதும்.